தரையை விட்டு எழுந்த ஊதா கார்

ஜாஸ்பின் டீச்சர் வாங்கியது இருபது வருசத்துப் பழைய மாருதி. முன்னால் வைத்திருந்த கல்லூரிப் பையன் அதற்குப் பளபளவென்று ஊதாப் பெயின்ட் அடித்து, அகலச் சக்கரம் மாட்டி, அழகுக்காக ஸ்பிரிங்குகளையும் அறுத்துக் குட்டையாக்கியிருந்தான். வண்டி வயிறு தரையை உரசியது. ஆனாலும் அந்த ஊதா நிறத்துக்காகவே டீச்சருக்கு வண்டியைக் கைவிட மனசில்லை.

வேகத்தடை வந்தால் கணவர் ஞானராஜ் இறங்கிவிடுவார். அவர் கனம் குறைந்தால்தான் வண்டி தட்டாமல் தாண்டும். அந்தப் பக்கம் நடந்துபோய் மறுபடி ஏறிக்கொள்வார்.

"நீங்க கார்ல வந்தீங்களா, காரோட வந்தீங்களா?" என்று ஆவூர் மாதா கோயில் வாசலில் உபதேசியார் ஞானராஜிடம் கேட்ட ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

கோடை லீவில் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வரவழைத்து, விராலிமலையில் மெக்கானிக் ரெங்கராஜ் பட்டறைக்குப் போனார்.

"நானும் சேந்து மாட்டுவேன்."

"கையெல்லாம் கிரீஸாயிரும் டீச்சர்."

"ஆகட்டுமே."

துருப்பிடித்த ஒரு போல்ட் மட்டும் அசையவேயில்லை. ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, டீச்சர் அதன்மேல் ஏறி நின்றார். டொக்கென்று போல்ட் விட்டுக்கொடுத்தது. டீச்சர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். ரெங்கராஜ் பதறி ஓடிவர, அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஞானராஜும் வந்துசேர, ஜாக்கியை இறக்கினார்கள். கார் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

முதல் வேகத்தடையில் டீச்சர் பழக்கதோசத்தில் நிறுத்தினார். ஞானராஜும் பழக்கதோசத்தில் இறங்கினார். கார் பூப்போலத் தாண்டியது. அந்தச் சந்தோசத்தில் டீச்சர் அவரை ஏற்றிக்கொள்ளவே மறந்து போய்க்கொண்டேயிருந்தார்.

"ஏய், நான் இங்கிட்டு நிக்கிறேன்!"

திருப்பிக்கொண்டு வந்து அவரை ஏற்றியவர், அதே மேட்டில் இன்னொரு தரம் ஏறி இறங்கினார். டீக்கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். டீச்சர் அவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஏறினார்.

மறுநாள் காலை டீச்சர் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தார்.

"கட்டுமாவடி வரைக்கும் போவமா?"

"மீன் வாங்கவா?"

"இல்லங்க. போற வழியெல்லாம் வேகத்தடை இருக்கும்ல."

அறந்தாங்கி தாண்டியதும் ஞானராஜ் ஸ்டியரிங்கை வாங்கினார். அடுத்த மேட்டில் பிரேக்கைத் தொடவேயில்லை. இருவர் தலையும் ஒன்றாகக் கூரையில் இடித்தது. சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்டவேண்டியதாயிற்று.

"வலிக்குதாங்க?"

"வலிக்குது. அடுத்தது எங்க வரும்?"