ஐந்தாவது மெஷினும் முப்பது பக்க அறிக்கையும்

பிள்ளைகளா, எங்கள் அய்யா காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் இருந்தார் என்று நீங்கள் பெருமையாகச் சொல்லித் திரிகிறீர்கள். நான் அங்கே கதவு திறந்தேன், தூசி தட்டினேன், தாளில் ஓட்டை போட்டு ஃபைலில் கோத்தேன். அதுவும் தற்காலிக வேலை.

புதுமடம் பக்கத்துக் கடலில் அலை எப்படி எழும் என்று கணக்குப் போட, லேபை நடத்திய சார் எட்டு கம்ப்யூட்டரை வயரால் இணைத்திருந்தார். கணக்கை எட்டாகப் பிரித்துக் கொடுப்பார். எட்டும் முடித்தால்தான் அடுத்த கட்டம். கண்மாய் தூர்வாரும்போது வரிசையாக நின்று மண்கூடை மாற்றுகிற மாதிரி. ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். யார் நிற்பது என்று பார்க்கத் தனியாக ஒரு புரோகிராம். அது தினமும் தானாக ஆராய்ந்து முப்பது பக்கம் அறிக்கை அடிக்கும். சார் முதல் பக்கம் படிப்பார். மிச்சத்தை நான் கோப்பேன்.

ஆயுத பூஜை லீவு முடிந்ததும் கணக்கு நொண்டியது. ஐந்தாவது மெஷின் தாமதம், மற்ற ஏழும் அதற்காகக் காத்திருக்கின்றன, அதற்கு வேலையைக் குறைக்கவும் என்றது அறிக்கை. சார் குறைத்தார். மறுநாளும் குறைக்கச் சொன்னது. குறைத்தார்.

“வேலை பாக்காதவனுக்கு வேலையக் குறைச்சுக்கிட்டே போறீகளே சார். அப்ப அந்த மிச்சம்?”

“மத்த ஏழு தலையிலதாண்ணே கட்டுறேன்.”

“அப்ப இதுவும் நம்ம ஆபீஸ் மாதிரித்தான்.”

சார் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை மேலிடத்துல இருந்து ஆய்வுக்கு வாராக. அதுக்குள்ள கணக்கு முடியலைன்னா லேபை மூடிருவாக. நான் கிளாஸ் எடுக்கப் போயிருவேன். நீங்க எங்கண்ணே போவீக?”

அன்று சாயங்காலம் பழைய ஃபைலைப் புரட்டினேன். இங்கிலீஷ் வராது. ஆனால் காத்திருக்கும் நேரத்தை அறிக்கை கறுப்புப் பட்டையாக அடிக்கும் என்று தெரியும். பூஜைக்கு முந்தின நாள்வரை பட்டை நூல் மாதிரி இருந்தது. லீவு முடிந்த நாளிலிருந்து பக்கமே கறுப்பு.

எழுந்து ஐந்தாவது மெஷினிடம் போனேன். பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்தது நான்தான். கிழக்குப் பார்த்தது ஐந்தாவது மட்டும் என்று, மிஞ்சிய சந்தனம் முழுவதையும் அதற்கு அப்பினேன். காற்றுப் போகிற ஓட்டைகள் மேலேயே. தொட்டுப் பார்த்தேன், இட்லிச்சட்டி மாதிரி சுட்டது. காய்ந்த சந்தனத்தை ஈர்க்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாக நோண்டி எடுத்தேன்.

மறுநாள் அறிக்கை, ஐந்தாவதற்கு வேலையைக் கூட்டச் சொன்னது. வியாழக்கிழமையே கணக்கு முடிந்தது. எல்லாம் புரோகிராமின் ஆலோசனைப்படி செய்ததால் வந்த பலன் என்று ஆய்வுக்கு வந்தவர்களிடம் சார் விளக்கினார். நான் டீ கொடுத்தேன்.

எல்லாரும் போனபின், அந்தப் புரோகிராம் வந்த சி.டி. உறையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். உறையில் எங்கும் ஓட்டை இல்லை என்று திருப்பிப் பார்த்துக்கொண்டுதான்.