அண்ணி வைத்துவிட்டுப் போன மூன்று மூட்டைகள்

அண்ணி எந்த மூட்டையையும் கிள்ளிப் பார்க்காமல் வாங்கியதில்லை. சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவார்களே, அதுபோல ஹார்ட்வேர் கடையில் சுவர் பூசுகிற பிளாஸ்டர் மூட்டையின் நான்கு மூலைகளையும் கிள்ளிப் பார்ப்பார். காகிதப் பைக்குள் மாவு மெத்தென்று விரலுக்கு இடம் கொடுத்தால் முகம் மலரும். மூலை கெட்டியாக இருந்தால் மூட்டையைத் தரையில் போட்டு இரண்டு தடவை உருட்டச் சொல்வார். உருட்டியதும் இளகிவிட்டால் மேலே அடுக்கிய பாரத்தில் இறுகியது என்று அர்த்தம், அதை எடுத்துக்கொள்ளலாம். இளகாவிட்டால் ஈரம் உள்ளே போய்விட்டது, அதைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார். கடை முதலாளியான தவுக்கே முனகிக்கொண்டே அடுத்த மூட்டையை இறக்கிக் கொடுப்பார். மலாக்காவில் இருந்த அந்தக் கடையின் கல்லாவில் முழங்கால் ஒத்துழைத்தவரை உட்கார்ந்திருந்தவரே அண்ணிதான். எந்த மூட்டை எந்த மழையில் நனைந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. பாயா ரும்புட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் அவர்களுக்கு ஒன்று, அதை அடுத்து எனக்கு ஒன்று. நடுவில் ஒரே சுவர். அண்ணனும் நானும் நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவர்கள். அங்கே வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்புதான், அதுவும் கூரைவரை எட்டாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கமிருந்து சுக்குத் தண்ணீர் வரும். அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன், சண்டையும் அதே தடுப்பைத் தாண்டித்தான் வந்தது. ஆனால் அண்ணனுக்குச் செங்கல் சுவர் கடைசிவரை பிடிபடவில்லை. குடிவந்த சில மாதங்களிலேயே ஆளைக் கூட்டிவந்து நடுச் சுவரில் ஒரு வாசலை இடித்துத் திறந்துவிட்டார். யாரிடம் அனுமதி கேட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கமாட்டார். இடித்த ஓரங்களை அண்ணியும் நானும்தான் பூசி நேராக்கினோம். கதவு வேண்டாம், ஒரு திரை போதும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

அதுதான் நாங்கள் சேர்ந்து செய்த முதல் பூச்சு வேலை. அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் இரண்டு வீட்டிலும் மழையில் ஊறிப் பொரிந்த சுவர்களைச் சுரண்டிப் பூசுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. மற்ற வீடுகளில் முறுக்குச் சுடுகிற நாட்களில் நாங்கள் இருவரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கெட்டும் கரணையுமாக நிற்போம். செங்கல்லின் மேல் பூச மணல் கலந்த சாம்பல் நிற மாவு, அது காய்ந்தபின் மேலே மெல்லியதாக இழுக்க வெள்ளை மாவு. பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகுதான் மாவு. “தண்ணிக்குள்ள மாவ போடு பாப்பா, மாவுக்குள்ள தண்ணிய ஊத்துனா அடியில கட்டி நிக்கும்லா” என்பார். கலவை இறுக ஆரம்பித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம் என்று என் கை போகும். அவர் கரணையாலேயே என் கையைத் தட்டிவிடுவார். “போனது போச்சு. கொட்டிட்டு வேற கல.” கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு இத்தனை தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. நாள் முழுக்க அதே பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும்விட மூட்டையை வைக்கிற விதத்தில்தான் அவர் கண்டிப்பு. தரையில் வைக்கக் கூடாது, இரண்டு பலகை போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். சுவரில் சாய்க்கக் கூடாது, ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்ட வேண்டும். பிரித்த மூட்டையில் மிச்சம் இருந்தால் மூடியுள்ள பெயிண்ட் வாளிக்குள் போய்விட வேண்டும். மலாக்காக் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, மூட்டை அதைக் குடித்துவிடும் என்பது அவர் கட்சி. அண்ணனை அவர் இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டாரா என்று நான் கேலி செய்வதுண்டு. அண்ணன் அந்தத் திரைக்கு அப்பாலிருந்தே, “என்னை வெறுந்தரையிலதான்மா படுக்கப் போட்டிருக்கா” என்று குரல் கொடுப்பார்.

அண்ணன் காலமான பிறகு அந்த வாசலில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, ஆகவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். காலையில் அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் நான் காப்பி போடுவதை நிறுத்திவிடுவேன், எப்படியும் ஒரு டம்ளர் திரையை விலக்கிக்கொண்டு வரும். இரவில் அவர் டிவியை அணைக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது. அறுபது வயதைத் தாண்டிய என்னை உலகத்தில் அண்ணி ஒருவர்தான் பாப்பா என்று கூப்பிட்டார். இது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

ஜோகூரில் இருக்கும் அண்ணியின் மகன் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும் இனி தனியாக விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றான். தனியாக எங்கே இருக்கிறார், நான் இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை, அவன் பெற்ற பிள்ளை. வீட்டை விற்க ஏற்பாடாயிற்று. வாங்கியவர்கள் ஒரு மலாய்க்கார இளம் தம்பதி, இருவரும் ஆசிரியர்கள், மிகவும் மரியாதையானவர்கள். அந்த வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், சாவி வாங்குவதற்குள் அடைத்துக் கொடுத்துவிடுங்கள் ஆன்ட்டி என்றும் சொன்னார்கள். வேறு எப்படிச் சொல்வார்கள்?

அடைப்பதற்கு வேண்டியதை அண்ணியே வாங்கிப் போட்டார். பழைய கடையிலிருந்து லோரியில் செங்கல்லும் மூன்று மூட்டைகளும் வந்து இறங்கின, இரண்டு சாம்பல், ஒன்று வெள்ளை. எல்லாம் பின்கட்டில் இருக்கிறது, கொத்தனார் வந்ததும் எடுத்துக் கொடு என்று சாவியை என் கையில் திணித்துவிட்டு மகனின் காரில் ஏறினார். கொத்தனார் மழையைச் சாக்குச் சொல்லி வாரக்கணக்கில் இழுத்தடித்தார். நான் திரையை விலக்கி அந்தப் பக்கம் போகவே இல்லை. காலி வீட்டில் என் செருப்புச் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் கொத்தனார் வந்த நாளில்தான் பின்கட்டுக்குப் போனேன். மூன்று மூட்டைகளும் துணி துவைக்கிற இடத்தில், வெறும் சிமெண்டுத் தரையில், சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தன. பக்கத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் அடியில் போடுகிற இரண்டு பலகைகளும் கைக்கெட்டும் தூரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பிளாஸ்டிக் தாள் மடித்தது மடித்தபடி அவற்றின் மேல் இருந்தது. குனிந்து மூலையைக் கிள்ளினேன், நகம்தான் வலித்தது. கொத்தனார் ஓர் இந்தோனேசியர், காலால் ஒரு மூட்டையை உருட்டிப் பார்த்து, இது கல்லாகி வெகுநாளாயிற்று ஆன்ட்டி என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். தன்னிடம் இருக்கும் சிமெண்டை வைத்துச் செங்கல்லை மட்டும் கட்டட்டுமா என்று கேட்டார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு அண்ணிக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, மூட்டை மூணும் கல்லாப் போச்சு.”

“அப்படியா? பலகை போடலியா நானு?”

“போடல. பக்கத்துலயே சாத்தி வச்சிருக்கீங்க.”

“மறந்துட்டேன்போல. வயசாயிடுச்சுலா பாப்பா.”

அண்ணிக்கா மறதி? ஆபரேஷனுக்குப் போகிற அன்று காலையில் என் பிரஷர் மாத்திரையை நினைவூட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறியவர். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் போகிறேன், பேரனோடு இருக்கப்போகிறேன் என்று சிரித்த முகமாகவே சொல்லிக்கொண்டிருந்தாரே, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? மகனிடம் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல், மாவு கல்லாகி வாசல் அடைபடாமல் நிற்கட்டும் என்று மூட்டைகளை அந்தக் குழாயடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோபத்துக்கு அடியிலேயே ஒரு ஆசையும் கிளம்பியது. அதை அடக்க எனக்குத் தெரியவில்லை.

“அண்ணி, புடிக்கலன்னா வந்துடுங்க. வீடு போனா போகட்டும், என் வீடு இருக்குலா. முன் ரூம் சும்மாத்தானே கெடக்கு. நான் உங்க மகன்கிட்ட பேசுறேன்.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை பாட்டி பாட்டி என்று எதையோ கேட்டு நச்சரிப்பது கேட்டது. அண்ணி மூக்கை உறிஞ்சினார். பிறகு கடைக் கல்லாவில் உட்கார்ந்து பேசுகிற குரலில் பேசினார்.

“ரெண்டு சாம்பல், ஒரு வெள்ள. பை ஓரத்துல தேதி அடிச்சிருக்கும், பழசா இருந்தா எடுக்காத. மூலைய கிள்ளிப் பாரு. வீட்டுக்குக் கொண்டாந்ததும் பலகை மேல வையி பாப்பா. இந்த வாட்டி பலகை மேல வையி.”

அதுதான் அவர் பதில். சரி அண்ணி என்றேன்.

கொத்தனாரிடம் கட்டச் சொன்னேன். என் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிசையாகச் செங்கல் ஏற ஏற அண்ணியின் வீடு கீழிருந்து மறைந்துகொண்டு வந்தது. முதலில் தரை போயிற்று, பிறகு சாப்பாட்டு மேசை இருந்த இடம், பிறகு சுவிட்ச், கடைசியாகச் சாமி படங்கள் மாட்டியிருந்த ஆணிகள். கொத்தனார் மறுநாள் இரண்டு பக்கத்தையும் பூசித் தருவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் மட்டும் பூசுங்கள், என் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் வெள்ளைத் தலையைப் பார்த்துவிட்டுத் தன் கரணையைக் கழுவப் போனார்.

மூட்டை வாங்க நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. தவுக்கேயின் மகன் இப்போது கடையைப் பார்க்கிறான். மூலையைக் கிள்ளியதைக் கண்டதும், “எங்க கல்லா அக்கா சொல்லிக் கொடுத்ததா?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். அவர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டான். நன்றாக இருக்கிறார் என்றேன். அந்த மூட்டைகளை வீட்டில் நான் வைத்த லட்சணத்தை அண்ணி பார்த்திருக்க வேண்டும், பலகை, ஒரு சாண் இடைவெளி, பிளாஸ்டிக் தாள் எல்லாம் சட்டப்படி. ஒரே ஒரு இரவு அவற்றைச் சுவரோடு தள்ளிவிடலாமா என்று தோன்றியது உண்மை. மேலும் ஒரு வாரம் வெறும் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், அவ்வளவுதான் கிடைக்கும். தள்ளவில்லை.

செங்கல்லைத் தண்ணீர் தெளித்து நனைத்தேன். அரை மணி நேரத்தில் பூசி முடிக்கிற அளவுக்கு மட்டும் கலந்தேன். கீழிருந்து மேலாக, கரணையை அழுத்திப் பிடித்து இழுத்தேன். முதல் கலவை பாதி தரையில்தான் விழுந்தது, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததால் நானே என்னைத் திட்டிக்கொண்டேன். தோள் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. மேலே எட்டாத இடத்துக்கு ஸ்டூலில் ஏறினேன், அதைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. சாம்பல் பூச்சு காய்ந்து வெடித்துவிடாமல் இருக்கச் சில நாட்கள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். பிறகு வெள்ளையை இழுத்தேன். கொஞ்சம் மேடு பள்ளம்தான். விளக்கைப் போட்டால் தெரியும், அணைத்தால் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சுவரைப் போனில் காட்டினேன். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, “காட்டினது போதும். போனை சுவத்துகிட்ட வச்சிட்டு விரலால தட்டு, கேக்குறேன். உள்ள புடிக்காத எடம் இருந்தா டொப்புனு சத்தம் வரும்” என்றார். மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். எங்கும் டொப் இல்லை. தட்டத் தட்ட அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லாப் புடிச்சிருக்கு பாப்பா. அந்தப் பக்கம் ஏதாச்சும் சத்தம் கேக்குதா?”

“இல்ல அண்ணி. ஆளுங்க வந்துட்டாங்க. ஆனா ஒண்ணும் கேக்கல.”

“அப்போ நல்ல சுவருதான்,” என்றார். “போதும், கை வலிக்கும். வச்சிடட்டுமா?”

“இருங்க அண்ணி,” என்றேன். தரைவரைக்கும் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தேன். “கீழ்ப்பக்கம் இன்னும் தட்டிப் பாக்கல.” அப்படியே தரையில் உட்கார்ந்து, மறுபடியும் தட்ட ஆரம்பித்தேன்.