பின்குறிக்கு அரம் போட்ட கதை

ஞாயிற்றுக்கிழமைகளில், இத்தாலியில், சீசா என்ற பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில், கோப்பிக் கோப்பைக்கும் பிஸ்கட் தட்டுக்கும் நடுவில் ஒரு கைத்துப்பாக்கி கிடக்கும். சிஞ்ஞோரே என்று நான் கூப்பிடும் முதலாளி எண்பது வயதுக்காரர். லைசென்ஸ் வைத்துக்கொண்டு, கடதாசி வட்டங்களைச் சுடக் கிளப்புக்குப் போகிறவர். மேசை துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பேன். வன்னியில் துவக்கைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போவோம். இங்கே அதற்குப் பக்கத்தில் ஜாம் போத்தல் வைக்கிறார்கள்.

கொஞ்ச நாளாய் அவருக்குக் குறி தப்பிக்கொண்டிருந்தது. துவக்கின் பின்முனையில் பின்குறி என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு. அதன் நடுவில் சதுரப் பள்ளம். முன்னால் நிற்கும் முள்ளை அந்தப் பள்ளத்துக்குள் பார்த்து நேராக்கித்தான் சுடவேண்டும். கம்பனி வெட்டிவிட்ட பள்ளம் அவருடைய கண்ணுக்கு ஒடுக்கம்; முள்ளுக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிவதில்லையாம். கையும் நடுக்கம். "நீ கொஞ்சம் அராவி அகட்டித் தா," என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அகதி விசாரணையில் நான் சத்தியம் பண்ணிச் சொன்னது, வாழ்நாளில் துவக்கைத் தொடவில்லை என்பதுதான். அது உண்மை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்த நாட்களில் அம்மா என்னைப் பாடப் புத்தகங்களோடு பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்திருந்தா. அந்தச் சத்தியத்தின் பேரில்தான் இங்கே தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போகவேண்டும்.

அல்பெர்கேரியாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் ராசன் அண்ணையிடம் யோசனை கேட்டேன். வெங்காயம் வெட்டியபடியே சொன்னார்: "துவக்கைத் தொடாதை. துண்டை மட்டும் கழட்டித் தரச் சொல்லு. துண்டு துவக்கில்லை."

"அப்ப அது என்ன அண்ணை?"

"இரும்பு. கேற்றுக் கொளுக்கி மாதிரி."

சிஞ்ஞோரே மறுப்புச் சொல்லாமல் கழற்றி, கைலேஞ்சியில் சுற்றித் தந்தார். ஒளியைப் பற்றிப் படித்ததையெல்லாம் நினைத்துக்கொண்டு, கோடு கீறி, ஒரு பக்கம் கூடிவிடாமல் மெல்ல மெல்ல அராவினேன். ஞாயிறு சுட்டுவிட்டு வந்தவர் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். எங்கே பழகினாய் என்றார். பள்ளிக்கூடத்தில் என்றேன். "ஓம் ஓம், பள்ளிக்கூடம்," என்று ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டல் கிளப் முழுக்கப் பரவியது. அடுத்த முறை என்னையும் கூட்டிப்போனார். வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்று நின்றுகொண்டேன். கிழவர்கள் ஒவ்வொருவராய், கைலேஞ்சியில் பின்குறியைப் பொத்தியபடி, நேர்த்திக்கடன் கொண்டுவருவது போல வந்தார்கள். "நான் துவக்கைத் தொட்டதே இல்லை," என்று என் இத்தாலியனில் முடிந்தளவு தெளிவாகச் சொன்னேன். "பிராவோ," என்றார் குவெஸ்தூராவில் வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்த ஒருவர். "ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லு." விசாரணையில் என்னை நம்பாமல் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். இவர்கள் நம்பாமலே கட்டிப்பிடித்தார்கள்.

கடைசியில் படம் எடுத்தார்கள். எல்லார் கையிலும் துவக்கு. எனக்கும் ஒன்றை நீட்ட, நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சிஞ்ஞோரே தோளைப் பிடித்துக்கொண்டார். புதுச் சட்டையோடு படம் வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தா. துவக்குகளையெல்லாம் வெட்டிவிட்டு, என் பங்கை மட்டும் அனுப்பினேன்.

பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அம்மா போன் எடுத்தா.

"தம்பி, ஆர் உன்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

"முதலாளி, அம்மா."

"கை ஏன் பின்னாலை?"

"சும்மா."

சண்டை முடிந்தபோது அப்படிக் கை பின்னால் கட்டப்பட்டவர்களை அவ கண்டவ. "வீடியோவிலை வா. இரண்டு கையையும் காட்டு."

போனைத் தக்காளிப் பெட்டியில் சாத்தி வைத்து, கைகளை விரித்துக் காட்டினேன். நகத்துக்குள் இரும்புத் தூள். "மணிக்கட்டைத் திருப்பு," என்றா. திருப்பினேன். பார்த்துக்கொண்டு நின்ற மீன்காரன், இதென்ன விளையாட்டோ என்று கத்தியை வைத்துவிட்டு, செதில் ஒட்டிய தன் இரண்டு கைகளையும் அம்மாவுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.