சான்றிதழ் இன்னும் இல்லை

மெர்போக் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மசாலாத் தூள் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பகுதிக்கு நான் பொறுப்பு. இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு படிப்பை விட்டவள். ஆனாலும் கம்பெனியின் தரக் கொள்கையை நான்தான் எழுத வேண்டும் என்று முதலாளியின் மகள் சொல்லிவிட்டாள். தரச் சான்றிதழுக்காகச் சோதிக்க வருகிறவர் வேலையாட்களை நிறுத்தி வைத்து, "உங்கள் தரக் கொள்கை என்ன?" என்று கேட்பாராம். படித்தவர்கள் எழுதிக் கொடுத்தால் எங்கள் பெண்களின் வாயில் நுழையாது.

எழுத உட்கார்ந்தேன். கம்பெனி வாசல் கேட்டில் மாட்டப் போகிறார்கள், இணையப் பக்கத்திலும் போடப் போகிறார்கள். ஊரே படிக்கும். மிளகாயைக் கையால் பொறுக்கிய பிறகே அரைக்கிறோம் என்று எழுதினேன். உடனே, ஆள் குறைந்த நாட்களில் எப்படிப் பொறுக்கினோம் என்ற கவலை வந்துவிட்டது. குறை இருந்தால் கூப்பிடுங்கள், வேலை நேரத்தில் எப்போது அடித்தாலும் எடுப்போம் என்று எழுதினேன். கடைசியில், 'தரச் சான்றிதழ் இன்னும் எங்களிடம் இல்லை. அதற்காக உழைத்துக்கொண்டிருக்கிறோம்' என்று சேர்த்த பிறகுதான் அன்று எனக்குத் தூக்கம் வந்தது.

"இல்லன்னு யாராச்சும் போர்டு மாட்டுவாங்களா அக்கா?" என்று முதலாளியின் மகள் சிரித்தாள்.

"இல்லாதத இருக்குன்னு சொல்லி மாட்டிக்கிட்டா கம்பெனிய இழுத்து மூடிருவாங்கம்மா. இத்தன பொம்பளைங்க எங்க போவாங்க?" என்றேன்.

அப்படியே இருக்கட்டும் என்றார் முதலாளி. போர்டு ஏறியது. தினமும் காலையில் பெண்கள் அதை ஒன்றாகச் சொல்லிப் பழகினார்கள். "அக்கா எழுதனத கேட்டா நாம என்னமோ ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்ற மாதிரி இருக்குலா!" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள்.

கூப்பிடுங்கள் என்று எழுதியது நான் என்பதால் தொலைபேசியை என் மேசைக்கே மாற்றிவிட்டார்கள். சில நாட்களில் ஓர் அழைப்பு வரத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு இயந்திரத்தை நிறுத்தி எல்லோரும் வெளியே போனதும் மணி அடிக்கும். எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். வயதானவர் மூச்சா, சின்னவர் மூச்சா என்று கண்டுபிடிக்க முடியாது. எங்கள் தூளைச் சாப்பிட்டுப் பேச முடியாமல் போன யாரோ என்று என் மனம் ஓடியது. சும்மா வைத்திருக்கப் பயந்து, சுவரில் ஒட்டியிருந்த தரக் கொள்கையை வாசித்துக் காட்டினேன். கடைசி வரி முடிந்ததும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு தினமும் அப்படித்தான் நடந்தது.

"பேசாம இருந்தா அதுவும் புகாரா?" என்று முதலாளியின் மகளைக் கேட்டேன்.

"ராங் நம்பர்க்கா அது. விடுங்க."

அந்தச் சமயத்தில் அலோர் ஸ்டாரில் ஒரு பெரிய பேரங்காடிக்காரர் எங்கள் தூளை வாங்குவதாகச் சொன்னார். அவர் சான்றிதழ் உள்ள கம்பெனியோடுதான் வியாபாரம் செய்வார். முதலாளியின் மகள் கடைசி வரியை எடுத்துவிட்டு, 'உலகத் தரத்தில் தயாரிக்கிறோம்' என்று போட்டாள். கேட்டில் புது போர்டு. என் சுவரில் புதுத் தாள்.

"பொய்தானம்மா இது?"

"பொய் எங்க சொன்னோம்? ஒன்ன சொல்லாம விட்டோம், அவ்ளோதான்."

அன்று மதியம் மணி அடித்தது. புதுத் தாளை வாசித்தேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. நானே வைத்துவிட்டேன். சற்று நேரம் கழித்து லாரிக்காரரை அழைக்க எடுத்தால், அந்த மூச்சு உள்ளேயே இருந்தது. வைத்தேன், எடுத்தேன். இருந்தது. பெண்கள் திரும்பி வந்து இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகும் இருந்தது.

முதலாளியின் மகள் கோபமாக வந்தாள். "அலோர் ஸ்டார்லேர்ந்து அடிச்சா லைனே போகலையாம். போன என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

ரிசீவரை அவளிடம் நீட்டினேன். காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு என் முகத்தை, இல்லை, என் வாயையே பார்த்தாள்.

"அக்கா, நீங்க இப்ப பேசலதான?"

"இல்லையே."

"உங்க குரல். தரக் கொள்கைய வாசிக்கிறீங்க." ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். "பழசு. எடுத்துட்ட வரியோட."

பிடுங்கிக் காதில் வைத்தேன். எனக்கு மூச்சு மட்டும்தான் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

யாரோ வேலையில்லாதவன் பதிவு செய்து விளையாடுகிறான் என்றார் முதலாளி. இருக்கலாம். ஆனால் அவர் மகள் அன்று சாயங்காலமே பழைய போர்டைத் திரும்ப மாட்டச் சொன்னாள். அலோர் ஸ்டார்காரரை அவளே அழைத்து, சான்றிதழ் இன்னும் இல்லை என்றாள். வாங்கியதும் வாருங்கள் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். அவருக்காக அரைத்த தூள் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. முதலாளி அவளோடு பல நாள் பேசவில்லை.

சோதனை நல்லபடியாக முடிந்தது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் ஆபீசில் தொங்குகிறது. போன வாரம் அலோர் ஸ்டார்காரர் நேரில் வந்தார். கேட்டில் நின்று போர்டை வாசித்துச் சிரித்தார்.

"அதான் வாங்கிட்டீங்களே, இன்னும் இல்லன்னு எதுக்கு?"

இப்போது அந்த வரிதான் பொய். எனக்குத் தெரியும். அதை நினைத்தும் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

"நீங்க எடுத்துருங்க அக்கா, நீங்க எழுதனதுதான" என்றாள் முதலாளியின் மகள்.

"போன தடவ நீதானம்மா எடுத்த" என்றேன்.

இரண்டு பேரும் நகரவில்லை. வரி அங்கேயேதான் இருக்கிறது.