வாழைப்பழ வாசனை

வாசகரே, தங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு என் அக்காளிடம் இருக்கிறது. அதில் தங்களுக்குச் சிரமம் இல்லை. நான் கொடுத்த சொல் என்ன, அதற்கு நான் கொண்ட பொருள் என்ன, சென்ற சாரல் பருவத்தில் குற்றாலத்து மாமரத்தடியில் நேர்ந்தது என்ன என்பதை மட்டும் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கல்லூரிச் சொற்போர் மன்றத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் அமர இப்போது ஆள் தேட வேண்டியிருக்கிறது. இதை நான் அடக்கமின்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று ஆபத்துக்கு உள்ளானது என் தொண்டை.

விடுமுறைகளில் தென்காசியில் அக்காள் வீட்டில் தங்குவேன். அவள் கொல்லையில் தேனீப் பெட்டி ஒன்று வைத்திருந்தேன். மார்த்தாண்டத்துப் பக்கம் போனபோது வாங்கி வந்தது. மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் வாழும் ஈக்கள் பெருகியபின், ஒரு பகுதி ராணியோடு பிரிந்து வந்து கிளையில் கொத்தாகத் தொங்கும். அந்தக் கொத்தைக் கூடையில் ஏற்றிப் பெட்டியில் குடிவைப்பதே என் பொழுதுபோக்கு. பிரிந்து வரும் ஈ வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டே கிளம்பும். ஆகவே சாதுவாக இருக்கும்.

ஆயினும் எப்போதாவது கொட்டும். முதல் முறை கொட்டியதில் கட்டைவிரல் வீங்கி அடங்கியது. அடுத்ததில் முழங்கை வரை வீங்கியது. அதற்கடுத்த முறை கொட்டியது மணிக்கட்டில், வீங்கியதோ உதடு. அன்று மாலை வரை 'ப', 'ம' என்னும் எழுத்துகள் என் வாயில் உருவாகவில்லை. டாக்டர் என் நாக்கை அழுத்திப் பார்த்தார்.

"விஷம் தடவைக்குத் தடவை மேல ஏறுது தம்பி. அடுத்தது தொண்டைக்குள்ள வீங்கும். அப்புறம் மூச்சுக்கு வழி கிடையாது."

அக்காள் அந்த இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே தேன் எடுக்க மாட்டேன்னு சொல்லுலே."

"இனிமேல் தேன் எடுக்க மாட்டேன்" என்றேன்.

சொன்னபடியே நடந்தேன். கூட்டை அறுத்துப் பிழிவது தேன் எடுத்தல். கொத்தாகத் தொங்குவதைக் கூடையில் ஏற்றுவது ஈ பிடித்தல். இரண்டும் வேறு வேறு வினைகள் என்பதை எந்தச் சபையிலும் என்னால் நிறுவ முடியும்.

ஆடியில் அக்காள், அத்தான், நான் மூவரும் குற்றாலத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். ஒரு பிற்பகல் அருவிக்குப் போகுமுன் முற்றத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். விடுதியில் எண்ணெய் தேய்த்துவிடுபவர் என் முதுகில் நல்லெண்ணெயைச் சொட்டச் சொட்ட வார்த்திருந்தார். அப்போது விடுதிக்காரர் வந்தார்.

"மாமரத்துல ஈ எறங்கிருக்கு. பொம்பளையாளுக அருவிக்குப் போற பாதை. பந்தத்தக் கொளுத்தி எரிச்சிருதேன்."

"எரிக்க வேண்டாம் அண்ணாச்சி. நான் பிடிச்சுத் தாரேன்."

"நீரு பேசியே எறக்கிருவீரு" என்று அவர் சிரித்தார்.

நான் போய்ப் பார்த்தேன். தாழ்ந்த கிளையில், பலாக்காய் அளவு தொங்கியது. எனக்கு ஒன்று உறுத்தியது. சாரல் காலத்தில் ஈ இனம் பெருகிப் பிரிவதில்லை. அப்போது கிளம்புவது, பழைய கூடு நனைந்தோ சிதைந்தோ போய், வெறும் வயிற்றோடு வெளியேறிய கூட்டமாகத்தான் இருக்கும். வழக்கமான முனகல் அதனிடம் இல்லை. கிட்டே போனதும் முழுக் கொத்தும் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது.

அக்காள் பின்னாலேயே வந்து நின்றாள். "ஏலே, எங்கிட்டச் சொன்னது என்ன?"

"தேன் எடுக்க மாட்டேன்னு சொன்னேன். இங்கன தேனே கிடையாது. ஈதான் இருக்கு. வேணும்னா எண்ணிப் பாரு."

அத்தான் வெற்றிலையை மென்றபடி, "இவன வக்கீலுக்குப் படிக்க வச்சா மொத வழக்கு நம்ம வீட்டுலதான் நடக்கும் போல" என்றார். அக்காள் சிரிக்கவில்லை.

"மேல எல்லாம் எண்ணெயா இருக்கு. தொடச்சிட்டாவது போ."

அதற்கு எண்ணெய் தேய்ப்பவர் பதில் சொன்னார். "எண்ணெய் மேல எறும்பே ஏறாது தாயி. ஈ எங்க நிக்கும்? கொடுக்கு வழுக்கிரும்."

சபை என் பக்கம் சாய்ந்துவிட்டது. சட்டை பாழாகும் என்று வெற்றுடம்போடு, முகத்தில் மட்டும் கொசுவலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

கூடையைக் கொத்தின்மேல் கவிழ்த்துப் பிடித்தேன். கீழிருந்து அத்தான் தேங்காய் நார்ப் புகை காட்டினார். ஈக்கள் இருட்டை நாடி மேலேறத் தொடங்கின. நடுவில் ராணி நீண்ட வயிற்றோடு ஊர்ந்து உள்ளே போவதைக் கண்ணால் கண்டேன். அவ்வளவு சுத்தமாக நான் அதற்குமுன் பிடித்ததில்லை.

அந்நேரம் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. கிளை உதறியதில் ஒரு கைப்பிடி ஈக்கள் என் தோளில் விழுந்தன. வேறு நாளாயிருந்தால் எழுந்து பறந்திருக்கும். அன்று இறகுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டன. பறக்க மாட்டாமல் அவை என் முதுகில் துடித்த ஒலி கம்பி இழுப்பது போல் மெலிந்து உயர்ந்தது. அப்போது, நன்கு கனிந்த வாழைப்பழத்தின் வாசனை வந்தது.

"குரங்கு ஏதும் பழம் திங்குதா, அத்தான்?"

"இங்கன ஒரு குரங்கையும் காணல மாப்ள."

எங்கள் இருவர் கையிலும் பழம் இல்லை. வாசனை என் தோளிலிருந்தே எழுந்தது. மிரண்ட ஈ கொடுக்கை நீட்டினாலே அந்த மணம் வரும் என்பதும், அதை முகர்ந்து மற்ற ஈக்கள் அங்கேயே வந்து கொட்டும் என்பதும் எனக்குத் தெரியும். தோள்பட்டைக்குக் கீழே சுருக்கென்றது. பிறகு வரிசையாக.

கூடையை நான் கீழே போடவில்லை. இறங்கி, கூடையின் வாயைத் துணியால் கட்டினேன். உள்ளங்கால் அரித்தது. காது கொதித்தது. அக்காளிடம் "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாய் திறந்தேன். ஒரு விசில் மட்டும் வந்தது.

அக்காள் கத்தவில்லை. ஜட்கா குதிரை வண்டிக்காரனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தென்காசிச் சாலை நெடுக எதிர்காற்று முகத்தில் மோதியது. அத்தனை காற்றில் ஒரு மடக்கு எனக்குள் இறங்க மறுத்தது. தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்தின் பிளவு தூரத்தில் தெரிந்தது. வண்டி ஓடியும் அது கிட்டே வரவில்லை. அத்தான் என் நாடியைப் பிடித்துக்கொண்டு, எதையோ பேசிக்கொண்டே வந்தார். அக்காள் என் வாயையே பார்த்தபடி இருந்தாள்.

டாக்டர் ஒன்றும் கேட்காமல் ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து இன்னொன்று போட்டார்.

காலையில் அக்காள் வீட்டில் கண் விழித்தேன். கொல்லையிலிருந்து முனகல் கேட்டது. விடுதிக்காரர், "உம்ம சாமான நீரே வச்சுக்கிடும்" என்று கூடையைப் பால்காரர் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். நான் பிடித்ததில் அதுவே மிகச் சிறந்த கூட்டம். ஜன்னல் கம்பியில் ஒற்றை ஈ ஊர்ந்துகொண்டிருந்தது.

அக்காள் வெந்நீர்க் கிண்ணத்தோடு வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, கட்டிலருகே அமர்ந்தாள். "குரல் வருதா?"

"வருது" என்றேன். அது என் குரலாக இல்லை.

"அப்ப சொல்லு. இந்தத் தடவை ஓட்டை ஒடைசல் இல்லாமச் சொல்லு."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். எந்த மேடையிலும் நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"தேன் எடுக்க மாட்டேன். ஈ பிடிக்கவும் மாட்டேன். அந்தக் கூடையை அத்தான் யாருக்காவது குடுத்துரட்டும், நான் கிட்ட போக மாட்டேன். இப்பச் சொன்னதுல எந்தச் சொல்லுக்கும் நாளைக்கு வேற அர்த்தம் சொல்ல மாட்டேன்க்கா."