பென்சிலில் நான்கு வரி

என் அத்தைக்கு அரபியும் தெரியாது, பாரசீகமும் தெரியாது. அதனால்தான் அந்தப் புத்தகங்களுக்குப் பட்டியல் போடும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பா கிண்டல் செய்வார். படிக்கத் தெரிந்தவராக இருந்தால் முதல் புத்தகத்திலேயே மூழ்கிவிடுவாராம். தெரியாதவர்தான் மளமளவென்று தாளை எண்ணி முடிப்பாராம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் சூளை பார்ப்பவர் அப்பா. எண்ணி அடுக்குகிற வேலை எதுவானாலும் அதன்மேல் அவருக்கு மரியாதை உண்டு.

அத்தை அவருக்குக் கடைசித் தங்கை. நூலகப் படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு, பழைய ஆவணங்களைச் சேகரிக்கும் அலுவலகம் ஒன்றில் மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. கொடுத்த பட்டியலைப் பிழையில்லாமல் முடித்துவிட்டால் வேலையை நிரந்தரமாக்குவார்கள். ஒரு பிழை வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அத்தை நம்பினாள், அவள் நம்பியதால் நாங்கள் எல்லோரும் நம்பினோம். அப்போது எனக்கு ஒன்பது வயது, முழுப்பரீட்சை லீவு. அம்மாவும் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதப் போய்விடுவாள். வீட்டில் தனியாக விட்டால் நான் எதையாவது உடைப்பேன் என்று என்னை அத்தையோடு அனுப்பி வைத்தார்கள்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாடி வீடு. கும்பினிக் காலத்தில் அந்த வீட்டு முன்னோர் ஒருவர், முஸ்லிம்களுக்கு வழக்குத் தீர்க்கும் காஜியாக இருந்தாராம். அவரிடமிருந்து வந்த பச்சை ட்ரங்குப் பெட்டியில் பதினோரு கையெழுத்துப் புத்தகங்களும், வெள்ளைக்காரக் கலெக்டரின் முத்திரை போட்ட ஆங்கிலக் காகிதங்கள் ஒரு கட்டும் இருந்தன. வீட்டில் இருந்தது ஓர் அம்மா மட்டும். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மூன்று மகன்களில் ஒருவர் குவைத்தில், இருவர் சென்னையில். வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப்போக மகன்கள் முடிவு செய்திருந்தார்கள். பெட்டியைச் சர்க்காரிடம் கொடுத்துவிடுவது என்பதும் அவர்கள் முடிவுதான்.

அத்தையின் வேலை இதுதான். ஒரு புத்தகத்தை எடுத்து, ஸ்கேல் வைத்து நீள அகலம் அளப்பாள். மை என்ன நிறம், பூச்சி எத்தனை இடத்தில் தின்றிருக்கிறது, தோல் அட்டை கிழிந்திருக்கிறதா என்று ஒரு சீட்டில் எழுதுவாள். பிறகு ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் மெல்ல எண் போடுவாள். என்ன புத்தகம், யார் எழுதியது என்பதெல்லாம் பின்னால் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து படித்துச் சொல்ல வேண்டியவை. அதனால் சீட்டில் பாதி இடத்தில் "படிக்க வேண்டும்" என்றே எழுதியிருக்கும்.

வீட்டு அம்மா பதினோரு மணிக்கு டீ கொண்டுவருவார். சில நாள் டம்ளரை வைத்துவிட்டு, விரித்திருக்கும் புத்தகத்தைக் குனிந்து பார்ப்பார். "கை ஈரமா இருக்கப் போவுதும்மா" என்று அத்தை பணிவாகச் சொல்வாள். அவர் உடனே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். உங்களுக்கு இதில் ஏதாவது தெரியுமா என்று நாங்கள் அவரைக் கேட்டதே இல்லை. டீ கொடுப்பவரிடம் அதையெல்லாம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எதையும் தொடக்கூடாது என்பது எனக்குப் போட்ட முதல் சட்டம். இரண்டாவது சட்டத்தை, நான் ஒருநாள் பேனாவோடு வந்து நின்றபோது அத்தை சொன்னாள்.

"இந்தப் பெட்டியில மையில இருக்கறதெல்லாம் அவங்களுது. பென்சில்ல இருக்கறதெல்லாம் நம்மளுது. நாம எழுதுனா அழிக்கிற மாதிரி இருக்கணும். தெரிஞ்சிதா?"

நன்றாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட யாரும் எதையும் சொன்னதில்லை.

பெரிய அதிகாரி வந்து சரிபார்த்துப் பெட்டியை எடுத்துப்போக இரண்டு நாள் இருந்தது. பத்துப் புத்தகங்களுக்கு எண் போட்டாகிவிட்டது. பதினோராவதுதான் எல்லாவற்றிலும் தடிமன். அதற்குச் சீட்டு மட்டும் எழுதியிருந்தாள். அன்று காலை அத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். முந்தின நாள் இரவு சாப்பிடும்போது அவள் கையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டது எனக்கு நினைவிருந்தது. பாவம், அவளுக்கு உதவலாமே என்று நினைத்தேன். அது கெட்ட எண்ணமில்லை என்பதை இப்போதும் சொல்வேன்.

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டையைத் திறந்து முதல் தாளின் மூலையில் 1 போட்டேன். நாற்பது ஐம்பது தாள் தாண்டியபோது என் எழுத்தே அழகாக இருப்பதாகப் பட்டது. நூற்று முப்பத்தெட்டில் முடித்தேன். அத்தையின் எண்ணும் என் எண்ணும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பக்கத்திலிருந்த புத்தகத்தைத் திறந்தேன். அதில் 1 இருந்தது கடைசியில். அந்தப் புத்தகங்கள் வலப்பக்கம் தொடங்குபவை. நான் நம் புத்தகத்தைத் திறக்கிற மாதிரி திறந்து, கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்குப் போயிருந்தேன்.

அத்தையின் வேலை போய்விட்டது என்று முடிவு செய்தேன். என் பென்சில் பெட்டியில் ரப்பர் இருந்தது. அழிக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு தாளாக அழித்து ஊதினேன். கை வலித்தது, கண்ணில் நீர் வந்தது. நூற்று முப்பத்தெட்டாவது தாளில், அதாவது உண்மையான முதல் தாளில், என் எண்ணுக்குக் கீழே பென்சிலால் நான்கு வரி இருந்தது. அரபி எழுத்து. அத்தைக்கு அரபி எழுதத் தெரியாதே என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் சட்டம் சட்டம்தான். பென்சில் என்றால் நம்முடையது. சுலபத்தில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன்.

நிமிர்ந்தபோது வீட்டு அம்மா டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன கண்ணு பண்ற?"

"பென்சிலெல்லாம் எங்களுது. அழிக்கிறேன்."

அவர் அந்தத் தாளையே பார்த்தார். டம்ளரைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அத்தைக்குத் தெரியுமா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தப்பாக எண் போட்டதையும், அத்தைக்கு வேலை போய்விடும் என்பதையும், அப்பா என் தோலை உரித்துவிடுவார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பாவாடையில் விழுந்திருந்த ரப்பர் துகளைத் தட்டிவிட்டார்.

"அழுவாத. நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க அத்தைக்கு ஒண்ணும் ஆவாது."

அத்தை வந்தாள். ஒன்றும் கேட்காமல் மாலைவரை உட்கார்ந்து, சரியான பக்கத்திலிருந்து எண் போட்டு முடித்தாள்.

அதிகாரி நல்லவர்தான். வந்ததும், புத்தகங்களை அடுக்கி எடுத்துப்போக அப்பா கொடுத்தனுப்பியிருந்த பொம்மை அட்டைப்பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே இருந்த வைக்கோலில் பூச்சி இருக்கும் என்று அதை மட்டும் வெளியே கொட்டச் சொன்னார். கலெக்டர் முத்திரைக் காகிதங்களை ஆசையாகத் தடவிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சீட்டாகப் படித்து, புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டார். பதினோராவது சீட்டில் நிறுத்தினார்.

"முதல் தாளில் பென்சிலால் நான்கு வரி, படிக்க வேண்டும்னு போட்டிருக்கீங்க. எங்கேம்மா அது?"

அத்தை எட்டிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"அது நாந்தாங்க அழிச்சேன். எங்க வூட்டுக்காரரு என்னமோ கிறுக்கி வச்சிருந்தாரு. சர்க்காருக்குப் போவுற கிதாபு, சுத்தமா இருக்கட்டுமேன்னு."

"பழைய பொருள்ல கை வெக்கக்கூடாதும்மா. படிச்சவங்க வந்து பாக்கணும் இல்லீங்களா?"

"தெரியலீங்க. தப்புதான்."

அந்த வரியைச் சீட்டில் அடித்துவிடும்படி அதிகாரி சொன்னார். அத்தை தலையாட்டினாள், ஆனால் அடிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்றால் அது உண்மையிலேயே கிறுக்கலாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி நிம்மதியானேன்.

பெட்டிகளை வேனில் ஏற்ற அத்தையும் அதிகாரியும் வெளியே போனார்கள். சீட்டுக்கட்டையும் பென்சிலையும் அத்தை என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள். வீட்டு அம்மா, இன்னும் பெட்டியில் வைக்காமல் இருந்த பதினோராவது புத்தகத்தை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். வலப்பக்கமாகத் திறந்தார். வெற்றுத் தாளின்மேல் விரலை வைத்து வலமிருந்து இடமாக நகர்த்தி ஏதோ சொன்னார். நிறுத்தி என்னைப் பார்த்தார். இரண்டாவது வரிக்கு விரலை இறக்கினார். சொன்னார், பார்த்தார். நான்கு வரியும் முடிந்ததும் மறுபடி மேலே போய், இன்னும் மெதுவாக ஒருமுறை சொன்னார். அவர் ஓதுகிறார் என்று நினைத்தேன். யாராவது சாமி கும்பிடும்போது பேசக்கூடாது, அசையக்கூடாது என்று அம்மா பழக்கியிருந்தாள். நான் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன்.

"சரி கண்ணு, குடுத்துடு" என்று புத்தகத்தை என் கையில் வைத்தார்.

அத்தைக்கு வேலை நிரந்தரமானது. அந்த அம்மா சென்னைக்குப் போன மறு வருடமே இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். போன வருடம் அவருடைய கடைசி மகன் அத்தையின் அலுவலகத்துக்கு வந்தாராம். அவருக்கே தலை நரைத்துவிட்டதாம். பதினோராவது புத்தகத்தின் முதல் தாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"எங்களுக்கு மூத்தது ஒரு அக்கா இருந்தாங்களாம். ரெண்டு வயசுல போயிட்டாங்க. போட்டோ கெடையாது, எதுவும் கெடையாது. பேரு கேட்டா அம்மா சொல்ல மாட்டாங்க. அழுதுடுவாங்க. உங்க நாலு பேரு பேரையும் அத்தா கிதாபுல எழுதி வச்சிருக்காங்க, படிக்கக் கத்துக்கிட்டுப் பாத்துக்கோங்கன்னுவாங்க. நாங்க எங்க கத்துக்கிட்டோம்?"

தமிழையே அரபி எழுத்தில் எழுதுகிற அவர்கள் வழக்கத்தில் எழுதியிருந்ததாம். அந்த அம்மாவுக்கு அது சரளமாகப் படிக்க வரும். எழுத வராது. அவர் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குப் படிக்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அத்தை தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாளாம். ஒன்றும் தெரியவில்லை. இதை என்னிடம் சொன்னபோது நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். "அன்னிக்கே தெரியும்டி. புத்தகத் தையல்ல மாட்டியிருந்த ரப்பர் தூளத் தட்டுனதே நான்தான்" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சீட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது: முதல் தாளில் பென்சிலால் நான்கு வரி, படிக்க வேண்டும். இரவில் படுத்துக்கொண்டு அந்தக் குரலை எவ்வளவோ நினைவுபடுத்திப் பார்க்கிறேன். முதல் சொல் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. அன்றைக்கு அவர் ஓதவில்லை. எழுதிக்கொள்ளச் சொல்லி, நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அந்த அறையில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், பென்சிலும் என் கையில்தான் இருந்தது. நான் அவர் முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தேன்.