அண்ணன்மாருக்கு ஈடாக வந்த ராசா

என் கணவர் மயூரதனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்டே தீர வேண்டும். ரயிலில் பக்கத்திலிருக்கும் வெள்ளைக்காரக் கிழவரிடம், போட்டிருக்கும் தொப்பி என்ன தோல் என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்த பெண்ணிடம், பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மெஷின் எப்படி வேலை செய்கிறதென்று விசாரித்தார். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு படுத்திருந்த எனக்கு வந்ததே ஒரு கோபம்!

இலங்கையிலிருந்து படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்த மனிதர். விசாவுக்கு இன்னும் முடிவில்லை, ஊருக்குப் போகவும் முடியாது. சிட்னியில், வெதரில் பார்க்கில் ஒரு டைல்ஸ் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஊரில் மாமி, இவருடைய அம்மா, தனியாக இருக்கிறார். மூத்த மகன் அருந்தவன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவரைப் பற்றி மாமி எங்களோடு கதைப்பதில்லை, இவரும் கதைப்பதில்லை. செத்துப்போனார் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தோம்.

போன மாதம் ஒருநாள் வேலையால் வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“சஜி, எங்கட சாம் இருக்கிறானெல்லே, அவன்ர உண்மையான பேர் தெரியுமே? சனகெரிப்!”

“அதென்ன, இருமல் மருந்துப் பேர் மாதிரி?”

“விசர்க்கதை கதையாதை. அசீரிய ராசா ஒருத்தன்ர பேர். ரெண்டாயிரத்து எழுநூறு வருசம் பழசு.”

சாம் ஈராக்கிலிருந்து வந்த அசீரியர், இவரோடு அதே கிடங்கில் வேலை செய்கிறார். இவருடைய நச்சரிப்பைப் பொறுத்துக்கொள்ளும் ஒரே சீவன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் தேநீர் இடைவேளையிலிருந்து கதை ஒரு துண்டு வீட்டுக்கு வந்தது. சனகெரிப் நினிவேயில் பெரிய அரண்மனை கட்டினானாம், மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் வெட்டுவித்தானாம், பாபிலோன் நகரை அழித்தானாம்.

“அப்ப நல்லவனோ கெட்டவனோ?” என்று கேட்டேன்.

“நானும் அதைத்தான் கேட்டனான். ராசாதானே எண்டு சிரிக்கிறான்.”

இன்னொரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. “அந்த ராசாவின்ர தகப்பன் சர்கோனும் ராசாதான். சண்டைக்குப் போனவன் திரும்பி வரேல்லை. உடம்புகூடக் கிடைக்கேல்லையாம், சஜி. ராசாவின்ர உடம்பு!”

தகப்பன் புதிதாகக் கட்டிய தலைநகரை மகன் அப்படியே கைவிட்டுவிட்டு நினிவேக்குப் போய்விட்டானாம். ஏனாம் என்று கேட்டேன். ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாதாம்.

வெள்ளிக்கிழமைதான் பெயரின் கருத்து வந்து சேர்ந்தது.

“அந்தப் பேரில முதல் வாற ‘சன’ எண்டது சின், அவையளின்ர சந்திரத் தெய்வம். செத்த அண்ணன்மாருக்கு ஈடாச் சந்திரன் தந்த பிள்ளை எண்டுதான் அந்தப் பேருக்குக் கருத்து. ராசாவுக்கு முதல் பிறந்ததுகள் தப்பேல்லைப் போல. சாமுக்கும் அப்பிடித்தானாம். ரெண்டு அண்ணன்மார் சின்னனிலேயே காய்ச்சலில செத்துப்போயிட்டினம். தாய்தான் இந்தப் பேரை வச்சவவாம்.”

சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

“பொடியன் எண்டு சொல்லியிட்டினம்தானே. அருந்தவன் எண்டு வைப்பமே?”

கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓமென்று தலையை ஆட்டினேன். அந்த நேரம் என் மனிசனில் எனக்கு வந்த அன்பை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி இருந்துவிடுவார்.

ஞாயிறு காலை மாமியை வீடியோவில் கூப்பிட்டார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார் மாமி. அம்மா மனம் குளிர்ந்துபோவா என்ற நம்பிக்கையில் இவர் சிரித்துச் சிரித்துச் செய்தியைச் சொன்னார்.

“அம்மா, கேக்குதே?”

“கேக்குது ராசா. அந்தப் பேர் வேண்டாம்.”

“ஏனம்மா?”

“அது உன்ர அண்ணாவின்ர பேரெல்லே. நாளைக்கு அவன் வந்து, என்ர பேரை ஏன் தூக்கிக் குடுத்தனீங்கள் எண்டு கேட்டா, நான் என்ன சொல்லுறது?”

மயூரதன் என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்கு நொந்தது, நான் இழுக்கவில்லை.

“சரியம்மா” என்றார். “வேற பேர் பாக்கிறம்.”

“ஓம். அண்ணாவுக்கும் பிடிச்ச பேராப் பாருங்கோ.”